பயனர் எவருமில்லை

நீக்கக் குழுவின் தலைவர் தாமோதரன் தன் சட்டையின் இரண்டாவது பொத்தானை விரலால் தட்டி, "உள்ள இருக்கறது முதல் தயாரிப்பும்மா. செஞ்ச கம்பெனிய இழுத்து மூடி எத்தனையோ வருஷமாச்சு. இது மட்டும் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கு" என்றபோது, பொற்கொடி கையிலிருந்த போண்டாவைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

பலவீனமான இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் பொருத்தப்படும் பம்பைப் பற்றித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாரியத்தின் ஆண்டு விழா முடிந்து எல்லாரும் வராந்தாவில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னவர் தலைவர் என்பதால் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள். சிரித்த முகம் மாறாமல், "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டாள். அவர் பெயரைச் சொன்னார்.

அன்று காலை அவள் பார்வைக்கு வந்திருந்த ஒரு பழைய அத்தியாயத்தின் அடிக்குறிப்பில் அதே பெயர் இருந்தது. நீக்கிவிடலாமா என்று கேட்டு வந்த அத்தியாயம்.

கம்பைலர் என்பது முன்பெல்லாம் மனிதர்கள் எழுதி வைத்த ஒரு மென்பொருள். மனிதன் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை. பிறகு தானாகப் படித்துத் தெரிந்துகொள்ளும் கம்பைலர் வந்தது. அது படிப்பது ஒரே ஒரு நூலைத்தான். 'சுழி' என்ற நிரல்மொழிக்கு வாரியம் எழுதி வைத்திருக்கும் கையேடு அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கையேட்டை முதல் வரியிலிருந்து புதிதாகப் படிக்கும். படித்ததை வைத்து நாட்டில் சுழியில் ஓடும் எல்லா நிரல்களையும் மறுபடி வார்த்து, அந்தந்தக் கருவிக்குக் காற்றிலேயே அனுப்பிவிடும். மறுவார்ப்பு என்று அதற்குப் பெயர்.

அதனால் கையேட்டில் இருப்பது நாட்டில் நடக்கும். இல்லாதது நடக்காது. லிஃப்ட், ரயில் சிக்னல், தண்ணீர் மோட்டார், நெஞ்சுக்குள் ஓடும் பம்பு எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டவை. கையேடு பெருகப் பெருக மறுவார்ப்புக்கு மின்சாரம் கொட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே காலாவதியான பகுதிகளைத் தேடி நீக்குவதற்கென்றே திருச்சியிலிருந்த வாரிய அலுவலகத்தில் ஒரு பிரிவு வைத்தார்கள். எல்லாரும் அதைக் களையெடுப்புப் பிரிவு என்றே சொல்வார்கள். பொற்கொடி அதன் பொறுப்பாளர். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தாமோதரன். பக்கம் பக்கமாக வெட்டித் தள்ளிய பெருமையில்தான் அவர் தலைவர் பதவிக்கு உயர்ந்திருந்தார்.

விழா முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது தம்பி மகள் அரசி படியில் உட்கார்ந்திருந்தாள். பாலிடெக்னிக் சீருடையைக்கூட மாற்றாமல் நேராகப் பேருந்து ஏறி வந்திருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"இல்ல அத்தை. சொன்னா அழும்."

பொற்கொடி அவளை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அரசி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பாதுகாப்பு வகுப்பு. கார்ட்டூன் படம் போட்டாங்க. மீசை வச்ச ஒரு ஆளு மதகுக்குக் கீழ குப்பை எடுக்க இறங்குறான். மேலேருந்து கதவு இறங்குது. அப்ப ஒரு குரல் கேக்குது, 'கலியமூர்த்தி செய்த தவறு என்ன?'ன்னு. எல்லாரும் சேந்து, 'நிறுத்தும் பட்டனை அழுத்தவில்லை'ன்னு சொல்லணும்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நானும் சொன்னேன் அத்தை. மேடம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதனால சொல்லிட்டேன்."

பொற்கொடி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா நெஜமாவே அமுக்கலையா?"

"அமுக்குனான். நான் ஓடிப்போய்ப் பாத்தப்ப பட்டன் உள்ள அமுங்கித்தான் இருந்துச்சு. உடம்பைத் தூக்க வந்தவங்க கை பட்டு அமுங்கியிருக்கும்னு அறிக்கையில எழுதிட்டாங்க."

"அமுக்குனா ஏன் நிக்கல?"

"கையேட்டுல 'கைக்கே முதலிடம்'னு ஒரு அத்தியாயம் இருந்துச்சு. மனுஷன் பட்டனைத் தொட்டா எந்திரம் எந்த வேலையில இருந்தாலும் நிக்கணும்னு சொல்ற அத்தியாயம். புது எந்திரத்துல எல்லாம் அது கூடவே பொறந்துருது, இனிமே எழுதி வைக்கத் தேவையில்லன்னு எடுத்துட்டாங்க. பழைய மதகு எங்கயாவது இருக்கான்னு தேடல. உங்கப்பா பாத்தது பழைய மதகு."

"எடுத்துட்டா கம்பைலர் தப்புன்னு காட்டாதா?"

"முன்னாடி காட்டும். ஒவ்வொரு தடவையும் மூட்டை மூட்டையா தப்பு வருதுன்னு, தெரியாத வரிய விட்டுட்டு மேல போன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. அதுவும் அந்த வரிய மட்டும் விட்டுட்டுப் போயிருச்சு. உங்கப்பா அமுக்குனான். என்ன அமுக்குறான்னே மதகுக்குத் தெரியல."

"யாரு எடுத்தது?"

அந்தப் பெயரை அரசியிடம் பொற்கொடி அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னாள். விசாரணைக்கு அறிக்கை எழுதிக் கொடுத்ததும் அதே ஆள்தான் என்பதையும் சொன்னாள். அரசி அழவில்லை. "அவரு இன்னும் இருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

கலியமூர்த்தி வடகரை மதகில் லஸ்கர். மதகைத் திறந்து மூடுவது, வாய்க்காலைக் காப்பது அவன் வேலை. அவன் சாகும்போது பொற்கொடி ஒரு தனியார் கம்பெனியில் நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் நல்ல வேலையில் இருந்தாள். அதை உதறிவிட்டுப் பாதிச் சம்பளத்துக்கு வாரியத்தில் சேர்ந்தாள். தாமோதரனை ஏதாவது ஒரு வகையில் மாட்டவைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை. பழைய கோப்புகளைக் கிளறினாள். அவருடைய கையெழுத்து இருந்ததே தவிர, அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று சொல்ல ஒன்றும் இல்லை. செத்தவன் மேல் பழி எழுதக் கூடாது என்று சென்னைக்கு மனு மேல் மனு போட்டாள், பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவருக்கு வணக்கம் சொன்னாள். அவர் மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வயது ஏறிக்கொண்டே போனது. இனி இந்த ஆள் தன் படுக்கையில் சுகமாகக் கண்ணை மூடுவான், தான் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று அவள் நினைக்கத் தொடங்கியிருந்த சமயத்தில்தான் அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

மறுநாள் உதவி ஆசிரியர் ஜமீலா அந்த அத்தியாயத்தோடு வந்தாள். நாலைந்து வருடமாக அவளோடு வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள்.

"'பொறுமை நடை'ன்னு ஒரு அத்தியாயம் மேடம். அந்தப் பழைய பம்பைத் தவிர வேற எதுவும் இதைத் தொடல. கம்பெனி இல்லாததால நம்ம அறிவிப்புக்குப் பதில் சொல்ல ஆளில்ல. ஆனா பம்பைப் போட்டவங்க யாராவது இருப்பாங்களே?"

"நான் பாத்துக்கறேன். என் பக்கம் தள்ளிவிடுங்க."

பொற்கொடி பம்பின் ஆவணத்தைத் திறந்து படித்தாள். படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது பம்பு சட்டென்று வேகம் எடுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அதைத்தான் அந்த அத்தியாயம் சொல்லிக் கொடுத்தது. புதிய பம்புகளுக்கு அது தேவைப்படவில்லை. அது இல்லாவிட்டால் பழைய பம்பு என்ன செய்யும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையுமில்லை. மறுவார்ப்பு முடிந்த மறுநாள் காலை தாமோதரன் கண்விழிப்பார், காலைத் தரையில் ஊன்றுவார், செருப்பைத் தேடுவார். அத்தோடு சரி.

நிறுத்தச் சொல்லிக் கலியமூர்த்தி கேட்டான், அவன் பேச்சு எந்திரத்துக்குப் புரியவில்லை. இவரும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

நீக்கப் பதிவில் 'தற்போதைய பயன்பாடு' என்ற இடத்தில் பொற்கொடி எழுதினாள்: பயனர் எவருமில்லை. அந்தப் பழைய பம்பு வேறு யாரிடமும் இருக்கப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தேடிப் பார்க்கவில்லை.

நீக்கக் குழு கூடியது. தாமோதரன் மேசையில் திராட்சைப் பழங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே திரையில் வந்த நீக்கங்களுக்கு விரலால் கையெழுத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"இதைப் படிச்சுப் பாத்துடுங்க சார்" என்றாள் பொற்கொடி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை, சொல்லியும் அவர் படிக்கவில்லை என்ற திருப்திக்காக இருக்கலாம்.

"நீ படிச்சுட்டியா?"

"படிச்சுட்டேன் சார்."

"அப்புறம் நான் வேற எதுக்கும்மா." விரலை இழுத்தார். அவருடைய பெயரின் முதல் எழுத்து, ஒரு கொக்கி, ஒரு புள்ளி. மதகு அத்தியாயத்தின் கீழே இருந்த அதே கொக்கிதான்.

வெளியே வந்து படியிறங்கும்போது பொற்கொடியின் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு உயிரோடு இருந்ததில்லை.

மறுவார்ப்பு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை ஜமீலா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமனாரைப் பாக்க ஆஸ்பத்திரி போயிருந்தேன் மேடம். இதய வார்டு நர்ஸுகிட்ட சும்மா பேச்சு குடுத்தேன். லால்குடி பக்கம் மினி பஸ்ல கண்டக்டராம், ஆரோக்கியசாமின்னு பேரு. அந்தப் பம்பு அவருக்கு இருக்கு. இலவச முகாம்ல வச்சது."

பொற்கொடி படித்துக்கொண்டிருந்த கோப்பை மூடினாள்.

"பம்பை மட்டும் மறுவார்ப்புலேர்ந்து விலக்க முடியுமான்னு பாத்தேன். அதுக்குக் கம்பெனியோட டிஜிட்டல் சாவி வேணும், கம்பெனியே இல்ல. வேற பம்பு மாத்தலாம்னா அரசாங்க ஆஸ்பத்திரியில வரிசை அடுத்த வருஷத்துக்குப் போகுது." ஜமீலா குரலைத் தாழ்த்தினாள். "கையெழுத்தான அத்தியாயத்தைத் திருப்பணும்னா ரெண்டே வழிதான். கையெழுத்துப் போட்டவரு, படிக்காம போட்டேன்னு எழுதிக் குடுத்து வாபஸ் வாங்கணும். இல்லன்னா பதிவு எழுதினவங்க, பதிவு பொய்யின்னு ஒத்துக்கணும்."

"தவறுன்னு சொன்னா போதாதா?"

"நீங்க பம்பு ஆவணத்தைத் திறந்து கடைசி வரைக்கும் படிச்சது சிஸ்டத்துல இருக்கு மேடம். அதுக்கப்புறம்தான் யாருமில்லன்னு எழுதியிருக்கீங்க." ஜமீலா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஏன் எழுதினீங்கன்னு நான் கேக்கல."

முதல் வழிதான் பொற்கொடிக்குச் சட்டென்று பிடித்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று தாமோதரன் தன் கையால் எழுதட்டும். எழுதினால் அவர் போட்ட கையெழுத்து அத்தனையும் தோண்டப்படும், வடகரை மதகு உட்பட. சாவதைவிட அது நல்ல தண்டனை. அன்று மாலையே தில்லைநகரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள்.

தாமோதரன் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார். ஒரு இடத்தில் அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"என் பம்பா?"

"ஆமா சார். நீங்களே கையெழுத்துப் போட்டீங்க."

"படிக்காம போட்டேன்னு எழுதணுமா? எழுதுனா நான் இதுவரைக்கும் போட்டதெல்லாம் தோண்டுவாங்களே."

"தோண்டுவாங்க."

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "உனக்கு என்னம்மா வேணும்? நீ யாரு?"

"வடகரை மதகுல செத்துப்போன கலியமூர்த்தியோட அக்கா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். நடிப்பில்லை, உண்மையிலேயே யோசித்தார். "எந்த மதகு?" என்றார்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னென்னவோ சொல்வதாக அவள் கற்பனை செய்திருக்கிறாள். இதை மட்டும் செய்ததில்லை.

"ஓ, அந்த லஸ்கரா" என்றார் சற்றுப் பொறுத்து. "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. எனக்கு ஆபரேஷன் பண்ண டாக்டரு நம்ம சொந்தக்காரர். வியாழக்கிழமை காலையில புதுப் பம்பு மாத்திக்கிட்டா முடிஞ்சுது. முன்னாடியே வந்து சொன்னதுக்கு நன்றிம்மா. உன் மேல நானும் புகார் குடுக்கல, நீயும் இதை இத்தோட விட்டுடு."

"அந்தக் கண்டக்டர் சார்?"

"எல்லாரையும் நாம தூக்கிச் சுமக்க முடியுமா?" அவர் ஊஞ்சலை மெல்ல ஆட்டினார். "நாட்டுல எவ்வளவோ பேரு."

செவ்வாய்க்கிழமை பொற்கொடி லால்குடிக்குப் போய் அந்த மினி பஸ்ஸில் ஏறினாள். ஆளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே தவிர, பார்த்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆரோக்கியசாமி ஒல்லியாக, நரைத்த முடியோடு இருந்தார். கீரைக் கட்டுக்கு டிக்கெட் எடுக்க மறுத்த ஒரு அம்மாளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். "கீரை உக்காந்து வருதுல்ல, நீங்க எந்திரிச்சு நின்னுக்கங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. பொற்கொடியிடம் வந்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். அவளுக்கு ஊர்ப் பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

"கடைசி ஸ்டாப்" என்றாள்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க. பஸ்ஸு திரும்புற இடம்."

"பரவால்ல."

கடைசி நிறுத்தத்தில் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். எழுந்து நின்றுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சட்டைக்கு மேலே நெஞ்சை ஒருமுறை தடவிக்கொண்டார். பொற்கொடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அவள் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள். பதிவு பொய், தெரிந்தே எழுதினேன், தாமோதரன் சாக வேண்டும் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வடகரை மதகு பற்றிய முழு விவரத்தையும் எழுதினாள். பிற்பகலுக்குள் 'பொறுமை நடை' கையேட்டுக்குத் திரும்பிவிட்டது. அவளைப் பணியிடை நீக்கம் செய்யும் ஆணை மறுநாள் வரும் என்றார்கள். அதுவரை நாற்காலியில் இருக்க வேண்டும், தொடர்புடையவர்களுக்கு எழுத்து மூலம் தகவல் அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பினாள். தாமோதரனுக்கும் அனுப்பினாள்: அத்தியாயம் மீண்டும் சேர்க்கப்பட்டது, பழைய பம்புகளுக்கு ஆபத்தில்லை.

வியாழக்கிழமை காலை ஜமீலா திரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தலைவரு தகவலை இன்னும் திறக்கவே இல்ல மேடம். இன்னைக்குக் காலையில ஆபரேஷன்னு சொன்னீங்களே. அது இப்ப தேவையே இல்லியே. நான் போன் பண்ணிச் சொல்லிடவா?"

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

ஜமீலா தன் இடத்துக்குப் போய்விட்டாள். பொற்கொடி கைபேசியை மேசையில் வைத்து, அவர் எண்ணை எடுத்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த மதகு என்று கேட்டாரே. எழுத்து மூலம் தகவல் தந்தாயிற்று. படிப்பதும் படிக்காததும் அவர் பாடு. அவர் வயதில் நெஞ்சைத் திறப்பது லேசான காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். காபி வந்தது. அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். திரையின் விளக்கு தானாக அணைந்தது. மறுபடி ஏற்ற அவள் கை நீளவில்லை.

பதினோரு மணி வாக்கில் செய்தி வந்தது. பழைய பம்பை எடுத்த பிறகு இதயம் புதியதை ஏற்கவில்லை. தாமோதரன் அறுவை மேசையிலேயே இறந்துபோனார்.

அலுவலகம் துக்கத்துக்கு விடுமுறை விட்டது. பொற்கொடி வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, வயிறாரச் சாப்பிட்டாள். கலியமூர்த்திக்குப் பிடித்த குழம்பு. அவன் போனதிலிருந்து அவள் அதைச் சமைத்ததில்லை. சாப்பிட்டு முடித்துத் தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசினார். சாட்சியாக ஜமீலா ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வேலை போயிடும். வழக்கும் வரும். ஆனா நீங்களே முன்வந்து ஒத்துக்கிட்டதால ஒரு உயிர் தப்பிச்சிருக்கு. அதையும் அறிக்கையில எழுதுறேன்" என்றார் அதிகாரி. "அத்தியாயம் திரும்பி வந்த விஷயத்தைத் தாமோதரன் சாருக்குத் தெரியப்படுத்தினீங்களா?"

"எழுதி அனுப்பினேன்."

"ஆமா, பதிவு இருக்கு. விதிப்படி சரி." அதிகாரி குறித்துக்கொண்டார். ஜமீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க வாக்குமூலத்துல வடகரை மதகு பத்தி எழுதியிருந்தீங்க. அதை நாங்க எடுத்துக்கிட்டோம். உண்மை இருக்கும்னுதான் எனக்கும் பட்டுது. இந்த வாரத் திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு விசாரிக்கறதா ஆணையே தயாராயிருந்துச்சு." அவர் சற்று நிறுத்தினார். "பழைய நாள்ல பயனர் பத்தி எழுதற வழக்கமே இல்ல. கையெழுத்து மட்டும்தான் இருக்கு. பழைய மதகு இருக்கறது அவருக்குத் தெரியுமா, தேடினாரா, அறிக்கையில ஏன் அப்படி எழுதினாருன்னு அவரு வாயால வந்தாத்தான் உண்டு. இப்ப ஆளில்ல. கோப்பை மூட வேண்டியதுதான்."

"என் தம்பி மேல தப்பில்லைன்னு மட்டும் எழுதக் கூடாதா?"

"எழுதினா தாமோதரன் சார் மேல தப்புன்னு ஆகும். பதில் சொல்ல முடியாத நிலையில இருக்கற இறந்தவர் மேல முடிவு எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு."

"என் தம்பி செத்தப்புறம்தானே அவன் மேல எழுதினாங்க?"

"அதுக்கு அப்புறம்தான் இந்த விதி வந்துச்சு." அதிகாரி திரையைப் புரட்டினார். "செத்தவங்க வந்து பேச முடியாது, அவங்க மேல பழி எழுதாதீங்கன்னு யாரோ விடாம மனு போட்டிருக்காங்க." பெயரைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "நீங்கதாம்மா."

பொற்கொடி எழுந்து வெளியே வந்தாள். வாசலுக்கு எதிரே இருந்த பேருந்து நிழற்குடையில் அரசி காத்துக்கொண்டிருந்தாள். அத்தையைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை போச்சா அத்தை?"

"போயிடும்."

"போகட்டும். அந்த ஆளு செத்தது எனக்குச் சந்தோஷமா இருக்கு. சொல்லக் கூடாதுதான், ஆனா இருக்கு." இருவரும் உட்கார்ந்தார்கள். "படத்தை எப்ப எடுப்பாங்க? அடுத்த வகுப்புக்குள்ள எடுத்துடுவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க அரசி."

"ஏன்? நீங்கதான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டீங்களே."

"அவரு வந்து சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்க. திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டுக் கேக்கறதா இருந்தாங்களாம்."

அரசி புரியாமல் பார்த்தாள். பொற்கொடி வியாழக்கிழமை காலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஜமீலா வந்து கேட்டதையும், தான் வேண்டாம் என்றதையும், காபி குடித்ததையும் விடாமல் சொன்னாள். பேருந்து ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அரசி கையை எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கையில் இருந்த பிடி தளர்ந்திருந்தது.

"அவரு நம்பர் உங்ககிட்ட இருந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்றாள் பொற்கொடி.